முழுக்கைச் சட்டைக்கு வைத்தியம் வேண்டாம்

"இவ்வளவு நல்ல உடல்வாகு உங்களுக்கு. ஏன் மறைக்கிறீர்கள்? இந்த மாதம் கொஞ்சம் துணிந்து பாருங்கள்."

முன்பின் அறியாத ஒரு பெண் எனக்கு எழுதிய அட்டை இது. சந்தா கட்டினால் நமக்கென்று ஒரு ஸ்டைலிஸ்ட் உடைகளைத் தேர்ந்தெடுத்து, பெட்டியில் அடுக்கி வீட்டுக்கு அனுப்பும் சேவைகள் இப்போது வந்துவிட்டன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தி மகள் அப்படி ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டாள். பெட்டி உட்லண்ட்ஸில் உள்ள அவள் வீட்டுக்கு வந்து, கடற்பாலம் கடந்து ஜொகூர் பாருவுக்கு வந்தது. சேரும்போது நீளமான கேள்வித்தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். உயரம், எடை, தோள் அகலம், பிடித்த நிறம், பார்க்கும் வேலை, செலவழிக்கக்கூடிய தொகை எல்லாம் கேட்டார்கள். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்ற கடைசிக் கட்டத்தில் தெளிவாக எழுதினேன்: கை முழங்கைக்குக் கீழே இறங்க வேண்டும். கழுத்து மேலேறி இருக்க வேண்டும். நீளம் முழங்காலைத் தாண்ட வேண்டும். உடம்பைப் பிடிக்கக் கூடாது. துணி உள்ளே காட்டக் கூடாது.

வந்தவை என்ன தெரியுமா? கையே இல்லாத மேல்சட்டை. தொடைவரை பிளந்த பாவாடை. முதுகு திறந்த கவுன். காலோடு ஒட்டிக்கொள்ளும் கால்சட்டை. முழுக்கை வைத்த உடுப்பு ஒன்றே ஒன்று இருந்தது, அந்தக் கை முழுவதும் வலைத்துணி. அவற்றின் மேல் அந்த அட்டை. அட்டையின் கடைசி வரி, வேண்டுமானால் மேலே ஒரு கார்டிகன் போட்டுக்கொள்ளலாம் என்றது. மதிய வெயில் 32 பாகை தொடும் ஊரில், வியர்வை உலரவே மறுக்கும் ஈரக்காற்றில், கம்பளிப் பின்னல் மேல்சட்டை!

அட்டை எழுதிய பெண் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. ஊரே நம்புவதைத்தான் அவர் அழகான எழுத்தில் எழுதி அனுப்பினார். உடம்பை மூடி உடுத்துகிறவளுக்கு உடுத்தத் தெரியாது. அவளுக்கு ரசனை இல்லை, அல்லது தன்னம்பிக்கை இல்லை, அல்லது வீட்டில் யாரோ மிரட்டுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் கைவைத்தால் அவள் சரியாகிவிடுவாள். "ஏன்லா இப்படி ஆன்ட்டி மாதிரி உடுத்துறே?" என்று அலுவலகத் தோழி கேட்பதும் இதுதான். "வயசுப் பொண்ணு, இப்படியாம்மா கல்யாணத்துக்கு வருவே?" என்று கல்யாண மண்டபத்தில் அத்தை என் ரவிக்கையின் கையை இழுத்துப் பார்த்ததும் இதுதான். முழுக்கைச் சட்டையை ஒரு நோயாகப் பார்க்கிறார்கள். எல்லாரிடமும் அதற்கு மருந்து இருக்கிறது.

இவர்கள் அத்தனை பேரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். மலாய் மரபுடையான பாஜு கூரோங்கை என்ன செய்யப் போகிறீர்கள்?

நீங்கள் நிற்பது ஜொகூரில். கூரோங் என்றதும் மலாய்க்காரர்களே ஜொகூரைச் சொல்வார்கள். தஞ்சோங் புத்ரி என்றிருந்த இந்த நகரம் 1866இல் ஜொகூர் பாரு ஆனது. சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவிலிருந்து ஆட்சிபீடம் இங்கே வந்த நினைவாக ஜொகூர் ஆட்சியாளர் அபு பக்கார் அறிமுகப்படுத்தியதே தெலுக் பெலாங்கா கூரோங் என்று ஜொகூர் மரபு சொல்கிறது. அதே அபு பக்காரைத்தான் நவீன ஜொகூரின் தந்தை என்கிறோம். லண்டனுக்குப் போய் விக்டோரியா ராணியைச் சந்தித்து வந்தவர், இந்த மாநிலத்தைப் புது உலகத்துக்குத் திறந்துவிட்டவர். அவர் பெயரோடு சேர்ந்து நிற்கும் உடை, கழுத்தை மூடி, கையை மூடி, இடுப்பைப் பிடிக்காமல் தொளதொளவென்று இறங்கும் உடை. மூடி உடுத்துவது பழைமை என்கிறவர்கள் முதலில் அவரிடம் போய்ச் சொல்லட்டும்.

அந்த உடையை வெட்டும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? உடம்புக்கு நேர்த்துண்டு. இரு பக்கமும் கீழே போகப் போக விரியும் பெசாக் துண்டுகள். அக்குளில் கெகெக் என்று ஒரு சின்னச் சதுரம். அந்தச் சதுரம் இருப்பதால்தான் கையை மேலே தூக்கினாலும் சட்டை முழுவதும் கூடவே ஏறாது. கழுத்தைச் சுற்றித் தூலாங் பெலுட் என்னும் நெருக்கமான கைத்தையல். கீழே உடுத்தும் கைலியின் மடிப்புகள் ஒரு பக்கமாக வரிசைபிடித்து இறங்கும், நடக்கும்போது விரிந்து மூடும். ஜிப் கிடையாது, இடுப்பை இறுக்கும் தையல் கிடையாது. ஒல்லியானவளுக்கும் பருத்தவளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் ஒரே வெட்டு பொருந்தும். இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு ரசனை இல்லை என்று சொல்ல எந்த ஸ்டைலிஸ்டுக்குத் துணிச்சல் உண்டு? தம்போய் பிளாசா அங்சானாவில் ஒரு மதியம் சுற்றிப் பாருங்கள். ஒரே வெட்டில் எத்தனை நிறம், எத்தனை துணி, எத்தனை பூவேலை! உடம்பின் ஓர் அங்குலத்தைக்கூடக் காட்டாமல் இத்தனையும் முடிகிறது.

இனி பெட்டி வியாபாரத்துக்கு வருவோம். இந்த முறையைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் ஸ்டிட்ச் ஃபிக்ஸ். 2011இல் கேத்ரினா லேக் தொடங்கியது. 20 டாலர் ஸ்டைலிங் கட்டணம், ஐந்து உடுப்பு, பிடித்ததை வாங்கினால் கட்டணம் விலையில் கழியும், ஐந்தையும் வாங்கினால் 25 விழுக்காடு தள்ளுபடி என்பது அவர்கள் வகுத்த வழி. 2012இல் நெட்ஃபிளிக்ஸிலிருந்து எரிக் கோல்சனை அழைத்து வந்து கணக்கு நிரல்களை அவர் பொறுப்பில் விட்டார்கள். நாம் நிரப்பும் கேள்வித்தாளை முதலில் படிப்பது நிரல். கிடங்கில் இருப்பதிலிருந்து பட்டியல் போட்டுத் தருவதும் அதுதான். அந்தப் பட்டியலுக்குள்தான் ஸ்டைலிஸ்ட் கைவிட்டு எடுப்பார்.

ஆகவே கிடங்கில் இல்லாததை எந்த ஸ்டைலிஸ்டும் அனுப்ப முடியாது. நீளக் கை என்றால் பட்டியல் சுருங்கும். மேலேறிய கழுத்து என்றால் இன்னும் சுருங்கும். முழங்காலுக்குக் கீழே, தளர்ச்சி, தடித்த துணி என்று சேர்த்துக்கொண்டே போனால் திரையில் மிஞ்சுவது சூனியம். அந்த இடத்தில் நேர்மையான வியாபாரி "எங்களிடம் இல்லை" என்று எழுதுவார். எனக்கு வந்ததோ துணிச்சலைப் பற்றிய உபதேசம். சரக்கு அவர்களிடம் இல்லை, குறை எனக்கா? அரிசி இல்லாத கடைக்காரர் வாடிக்கையாளரைப் பார்த்து, சோறு தின்னும் பழக்கத்தை விடுங்கள் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பெண்கள் மனத்தைப் படித்துவிட்டோம் என்ற இந்த வியாபாரங்களின் கதி என்ன ஆயிற்று என்பதும் தெரிந்ததுதான். அமெரிக்கக் கடை நிறுவனமான நார்ட்ஸ்ட்ரோம் 2014இல் வாங்கிய டிரங்க் கிளப் என்ற பெட்டிச் சேவை 2022இல் மூடப்பட்டது. ஸ்டிட்ச் ஃபிக்ஸ் 2019இல் பிரிட்டனில் கடை விரித்தது, 2023இல் மூட்டை கட்டியது. தெலுக் பெலாங்கா கூரோங் 1866இலிருந்து நிற்கிறது. எதற்கு ரசனை அதிகம்?

மூடி உடுத்துகிறவளுக்குத்தான் துணியைப் பற்றி அதிகம் தெரியும். தெரியாமல் அவளால் ஒரு நாளும் வெளியே இறங்க முடியாது. கடையில் நாங்கள் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். உள்ளே லைனிங் எதுவரை தைத்திருக்கிறது என்று திருப்பிப் பார்ப்போம். கையைத் தூக்கிப் பார்ப்போம், குனிந்து பார்ப்போம், உட்கார்ந்து பார்ப்போம். கிரேப் எப்படி விழும், சாட்டின் எங்கே ஒட்டும், பின்னல் துணி இரண்டு சலவையில் எப்படித் தொய்யும், எந்த வெளிர் நிறம் பேருந்து நிறுத்தத்து வெயிலில் உள்ளே காட்டிக்கொடுக்கும் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. தளர்ந்த உடுப்பு அழகாக நிற்க வேண்டுமென்றால் தோள்தையல் அதன் இடத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் சாக்கு மாதிரி தொங்கும். ஒட்டிய உடையில் உடம்பே பாதி வேலையைச் செய்துவிடும். தளர்ந்த உடையில் எல்லா வேலையையும் வெட்டும் துணியும்தான் செய்ய வேண்டும். எது கடினம் என்று ஒரு நல்ல தையல்காரரைக் கேளுங்கள்.

தையல்காரர் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நம் சேலை ரவிக்கைகள் என்ன பாடுபடுகின்றன! முதுகு இவ்வளவுதான் இறங்க வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டு வந்தாலும், அதற்கும் கீழே வெட்டி, கயிறு கட்டி, குஞ்சம் தொங்கவிட்டுக் கொடுக்கிறார்கள். கேட்டால் இப்போது இதுதான் ஃபேஷன் என்கிறார்கள். துணி என்னுடையது, கூலி என்னுடையது, முதுகு என்னுடையது. முடிவு மட்டும் அவர்களுடையதா?

வெயிலைக் காட்டி மிரட்டுகிறவர்களும் உண்டு. இந்தச் சூட்டில் இப்படி மூடிக்கொண்டால் வேகாதா என்பார்கள். பாலைவனத்து பெதுயின் மக்கள் கறுத்த அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த கட்டுரை 1980இல் 'நேச்சர்' இதழில் வந்தது. கறுப்போ வெள்ளையோ, தளர்ந்த அங்கிக்குள் உடம்பு ஏற்கும் வெப்பம் ஒன்றுதான் என்று கண்டார்கள். கறுப்புத் துணி கூடுதலாக வாங்கிய சூட்டை, தோலை எட்டும் முன்பே உள்ளே ஓடும் காற்று கொண்டுபோய்விடுகிறது. பாலைவனம் வேறு, ஜொகூர் வேறு என்று வாதாட வருவீர்கள். காற்று எங்கேயும் காற்றுதான். கூரோங்கும் காற்று உள்ளே புகுந்து போகத்தான் அப்படித் தொளதொளவென்று இருக்கிறது. நம் பாட்டிமார்களும் இதை அறிந்திருந்தார்கள். ரெங்கம், லாயாங்-லாயாங், குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போன பெண்கள் கைலிக்கு மேலே முழுக்கைச் சட்டை மாட்டி, தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் போனார்கள். கொசுவிடமிருந்தும் வெயிலிடமிருந்தும் பால்கறையிடமிருந்தும் தங்களைக் காத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் தன்னம்பிக்கை இல்லையா? இந்த நாட்டின் ரப்பர் அவர்கள் கையால் வடிந்தது.

அடுத்தது எனக்கு மிகவும் வலிக்கும் கேள்வி. நான் இந்து. கோயிலுக்குப் போகிறவள். நீளக் கை, நீளப் பாவாடை, சில நாள் கூரோங், சில நாள் பஞ்சாபி சூட். உடனே கேட்கிறார்கள்: "என்ன, மதம் மாறப் போறியா?" உடம்பை மூடுவது முஸ்லிம் பெண்களுக்கு மட்டும் எழுதிக்கொடுத்த சொத்தா? நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள் ஒரு நாள் சேலையிலும் மறுநாள் கூரோங்கிலும் வந்து பாடம் நடத்துகிறார்கள். அரசு அலுவலகங்களில் தமிழ்ப் பெண்கள் கூரோங் உடுத்திக் கோப்பு பார்க்கிறார்கள். அவர்களில் யாருடைய சாமி எங்கே போயிற்று? அந்தக் கேள்வி என்னையும் அவமதிக்கிறது, என் முஸ்லிம் தோழிகளையும் அவமதிக்கிறது. அவர்களின் உடையில் வேதம் மட்டும்தான் உண்டு, விருப்பமும் அழகுணர்ச்சியும் கிடையாது என்று அது சொல்லாமல் சொல்கிறது. முக்காட்டின் முனையை எந்தக் கோணத்தில் மடித்துக் குத்தினால் முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று அவர்கள் நடத்தும் ஆராய்ச்சியைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள். யூனிக்லோ 2015இல் ஆடை வடிவமைப்பாளர் ஹானா தஜிமாவைக் கொண்டு மூடி உடுத்தும் பெண்களுக்கென்று தனி வரிசை தைத்தது. மலேசியாவும் அதன் சந்தைகளுள் ஒன்றாக இருந்தது. உலகக் கடைக்காரனுக்கு விளங்கியது உள்ளூர் உறவுக்காரருக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுபக்கத்திலிருந்து கைதட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. "பார், பெண் என்றால் இப்படி அடக்கஒடுக்கமாக இருக்க வேண்டும்" என்று என்னைக் காட்டி இன்னொருத்தியைத் திட்ட வருகிறவர்களே, உங்கள் பாராட்டு எனக்கு வேண்டாம். என் முழுக்கைச் சட்டை அரைக்கால் சட்டை போட்ட என் தங்கைக்கு எதிரான சாட்சி அல்ல. தமிழ் சினிமா இந்தக் கெட்ட பழக்கத்தைப் பல தலைமுறைக்குப் புகட்டிவிட்டது. 1999இல் வந்த 'படையப்பா' ஒன்று போதும். நாகரிக உடை உடுத்தும் நீலாம்பரி திமிர் பிடித்தவள், பாவாடை தாவணி வசுந்தரா நல்லவள். உடையைப் பார்த்தே குணத்தைப் படித்துவிடலாம் என்று அரங்கம் முழுக்கக் கைதட்டினார்கள். மூடினால் நல்லவள் என்பதும் மூடினால் ரசனை இல்லாதவள் என்பதும் ஒரே அளவுநாடா. முனைதான் வேறு.

அந்த நாடாவை அதிகாரிகளும் கையில் எடுத்தார்கள். 2023 ஜனவரியில் காஜாங் காவல் தலைமையகத்துக்கு விபத்துப் புகார் கொடுக்கப் போன பெண்ணைக் கால்சட்டை குட்டை என்று உள்ளே விடவில்லை. வாகனம் இடித்து நிற்கிறவளிடம் முழங்காலை அளந்தார்கள். 2021 ஜூலையில் நார்வே பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணி பிகினி அணிய மறுத்துக் குட்டைக் கால்சட்டையில் விளையாடியது. அதற்கு 1,500 யூரோ தண்டம் போட்டார்கள். 2016இல் பிரெஞ்சுக் கடற்கரை நகராட்சிகள் உடம்பை மூடும் புர்கினி நீச்சலுடை உடுத்திய பெண்களைத் துரத்தின. ஆகஸ்ட் 26 அன்று அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வில்நவ்-லூபே நகரத்தின் தடையை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் மூடு என்கிறார்கள், ஓரிடத்தில் திற என்கிறார்கள். உடுத்துகிறவளை மட்டும் எங்கேயும் கேட்பதில்லை.

மூடுவதென்றாலே அடிமைத்தனம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் நம் சொந்த வரலாற்றையே படித்ததில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடக் கூடாது என்று சாதி கட்டளையிட்டது. அந்தப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் போராடினார்கள். சந்தையிலும் தெருவிலும் அவர்கள் சட்டை கிழிக்கப்பட்டது. மறுபடியும் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். 1859 ஜூலை 26 அன்று அரசர் அறிவிப்பு வெளியிட்டார். மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மூடக் கூடாது என்று அதிலும் ஒரு வேலி போட்டார்கள். ஒரு முழத் துணியைத் தோளில் போடுவதற்கு அத்தனை அடி பட்டவர்கள் நம் பெண்கள். தோள்சீலைப் போராட்டம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே பிள்ளை வளர்ந்து முழுக்கை போட்டால் ஏன் மறைக்கிறாய் என்று கேட்கிறோம். உடம்பின் எந்தப் பகுதியை யார் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது அவள். மூடுவதும் அவள் உரிமை, மூடாதிருப்பதும் அவள் உரிமை. அந்தப் பெண்கள் அடிபட்டு வாங்கித் தந்தது இந்த உரிமையைத்தான்.

இப்போது கூரோங்குக்கே திரும்புகிறேன், ஏனென்றால் இதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. மூடி உடுத்தினால் அழகில்லை என்றால் ஹரி ராயா காலையில் ஒரே நிறத்தில் கூரோங் உடுத்தி வரும் குடும்பத்தைப் பார்த்து ஏன் படம் எடுக்கிறீர்கள்? மூடி உடுத்தினால் கம்பீரம் இல்லை என்றால் பட்டமளிப்பு விழாவுக்கு உங்கள் மகளுக்கு ஏன் கூரோங் தைக்கக் கொடுக்கிறீர்கள்? மூடி உடுத்தினால் காலத்துக்கு ஒவ்வாது என்றால் வங்கி மேலாளரும் மருத்துவரும் அமைச்சரும் ஏன் அதில் வேலைக்கு வருகிறார்கள்? மலாய்க்கார அக்கா உடுத்தினால் பண்பாடு, நான் உடுத்தினால் பட்டிக்காடா? ஒரே துணி, ஒரே வெட்டு, ஒரே நீளம்!

ஸ்டைலிஸ்ட் வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு எந்த நிறம் எடுக்கும், எந்த நீளச் சட்டைக்கு எந்த அகலக் கால்சட்டை பொருந்தும், அலுவலகத்துக்கும் கோயிலுக்கும் ஒரே உடுப்பை எப்படி மாற்றி உடுத்தலாம் என்றெல்லாம் சொல்லித் தர ஆள் இருந்தால் காசு கொடுத்துக் கேட்கத் தயாராக இருக்கிறேன். என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள், இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்துவரும் சீக்கியரும். எங்களுக்கு விற்க வேண்டுமானால் கிடங்கை நிரப்புங்கள். கை நீளத்தையும் துணியின் தடிப்பையும் கேள்வித்தாளின் முதல் பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். பெசாக்கும் கெகெக்கும் தெரிந்த ஒரு மலாய்த் தையல்கார அம்மாவைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்து, உங்கள் ஸ்டைலிஸ்டுகளுக்குப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். சரக்கு இல்லாதபோது இல்லை என்று எழுதுங்கள், பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

உறவுக்காரர்களுக்கும் தோழிகளுக்கும் இதையே சொல்கிறேன். என் உடை நன்றாக இல்லையென்றால் நிறம் பொருந்தவில்லை, தையல் கோணல், துணி மட்டம் என்று காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கை நீளம் என்பது காரணம் ஆகாது. அதை நான் அளந்து பார்த்துத்தான் தைத்திருக்கிறேன்.